ஏணை கட்ட ஏலாத உத்தரம்

பீலெஃபெல்ட்டுக்கு வெளியே ஒரு கிராமம். அங்கே போதகர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீட்டில் எங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். போதகர் பக்கத்துப் புதுவீட்டுக்கு மாறிவிட்டார், பழையது அகதிகளுக்கு. கறுத்த மரச்சட்டங்கள், இடையிடையே வெள்ளையடித்த களிமண் சுவர், ஒருபக்கம் சரிந்த படிக்கட்டு. வாசல்நிலை என் நெற்றி உயரம். எத்தனை தரம் இடித்தேன்! வேதவசனம் செதுக்கிய நிலை, வாய்விட்டுத் திட்டவும் ஏலாது.

இரண்டு அறை காட்டினார்கள். கீழே கணப்பு உள்ள அறை. மேலே விறைக்கிற அறை. ஆனால் அதன் முகட்டில் ஆளின் இடுப்புப் பருமனில் ஓர் ஓக் உத்தரம் ஓடியது. மனைவி அண்ணாந்து பார்த்தாள். கையில் பிள்ளை, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கிய நாள்முதல் ஒழுங்காக உறங்காதவன், அவளையும் உறங்கவிடாதவன்.

"இதுதான். ஏணை கட்டலாம்," என்றாள்.

கீழறையை மன்னாரிலிருந்து வந்த ஒரு தம்பிக்கு விட்டுக்கொடுத்தோம்.

பெட்டியைத் திறந்ததும் ஏணைக்கென்று ஒரு சேலையை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறினேன். உத்தரத்துக்கு மேலால் சேலையைப் போட வழியில்லை. பலகை முகடு அதன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது, விரல்கூட நுழையாது. எங்கள் ஊர் வீடுகளில் வளைமரத்துக்கும் கூரைக்கும் நடுவில் காற்று ஓடும். இங்கே குளிருக்குப் பயந்து காற்றின் வாயையும் பொத்தி வைத்திருந்தார்கள்.

ஒரு கொளுக்கி போதும். போதகரிடம் கேட்டேன். மனிதரின் முகம் வாடிவிட்டது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாம், ஆணி அடிக்கவும் அன்ராக், அதாவது விண்ணப்பம், போடவேண்டுமாம். போட்டோம். கிழமைகள் போய் ஓர் அதிகாரி வந்தார். உத்தரத்தைத் தட்டினார், தடவினார், மோந்தும் பார்த்தார். பழைய கோடரி கொத்திய தடங்களைக் காட்டி எனக்கு வகுப்பெடுத்தார். பிள்ளை வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தான்; அந்தப் பக்கம் அவர் திரும்பவேயில்லை. மரத்துக்குக் காயம் படக்கூடாது, முடிவு கடிதத்தில் வரும் என்றுவிட்டுப் போனார்.

"எங்கட பிள்ளையின்ர பாரத்துக்கே இது முறியப்போகுது?" மனைவிக்குக் குரல் உடைந்தது.

"கடிதம் வர முதல் உங்கட மகன் பள்ளிக்கூடம் போயிடுவான், அக்கா." படியில் நின்ற மன்னார்த் தம்பி உள்ளே வந்தான். "அண்ணை, சேலையின்ர ஒரு முனையைத் தாங்கோ."

முடிச்சுப் போட்ட ஒரு முனையை அவன் தோளில் போட்டான், மற்றதை நான். நடுவில் மனைவி பிள்ளையைக் கிடத்தினாள். ஆட்டினோம். சிணுங்கினான், முனகினான், பிறகு சத்தமில்லை. சுவரோடு சாய்ந்திருந்த மனைவியின் தலையும் சரிந்தது.

"அண்ணை, இறக்குவமோ?"

"இறக்கினா எழும்பிடுவான். அசையாத."

"கீழ சோறு அடுப்பில கிடக்கு."

"கிடக்கட்டும்."

அடிப்பிடித்த சோற்றின் மணம் படிக்கட்டால் ஏறி வந்தது. எனக்குத் தோள் கடுத்தது. தலைக்கு மேலே அந்த உத்தரம் சும்மா கிடந்தது.