பாலம் ஏறினால் எரியும் சிவப்பு விளக்கு

தங்கப்பனும் நானும் மட்டாஞ்சேரியில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மலையாளம் படித்தவர்கள். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். என் அப்பா பாலக்காட்டிலிருந்து வந்து ஒரு மிளகுக் கம்பெனியில் டைப் அடித்தார். இரண்டு வீட்டிலும் பேச்சு தமிழ்தான். ஆனால் தமிழ் எழுத்து எனக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் அம்மா வாங்கிய வாரப் பத்திரிகைகளின் புண்ணியத்தில். அவனுக்குத் தமிழில் கையெழுத்துக்கூடப் போட வராது.

பத்தாவதில் தோற்றுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினான் தங்கப்பன். இருபது வருஷம் ஊரார் வண்டியை ஓட்டினான். 1998-ல் ஒரு பழைய டீசல் அம்பாசிடரைச் சொந்தமாக வாங்கினான். அன்றைக்கு எங்கள் வாசலில் அவன் அடித்த ஹாரனில் பக்கத்து வீட்டுப் பூனை ஓடியது, ஒரு வாரம் திரும்பி வரவில்லை. அன்று முதல் நானும் இன்னும் இரண்டு பேரும் ஏலூரில் நாங்கள் வேலை பார்த்த கெமிக்கல் கம்பெனிக்கு அந்த வண்டியில்தான் போய் வந்தோம். வண்டியைக் கம்பெனியே ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. காலை ஆறே முக்கால் என்றால் ஆறே முக்காலுக்கு வாசலில் நிற்பான். அவனைப் பார்த்துத்தான் நான் கடிகாரத்துக்கே சாவி கொடுப்பேன்.

அந்த வண்டியில் சாமி படம் கிடையாது, எலுமிச்சம்பழம் கிடையாது. "எஞ்சினுக்கு ஆயில் போதும் சாமி, அர்ச்சனை வேண்டாம்" என்பான். சாமி என்பது நான்தான். ஸ்கூலில் வைத்த பெயர். அவன் பெண்டாட்டி காளியம்மை அதற்கு நேர் எதிர். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. விடிவதற்கு முன்னால் சுள்ளிக்கல் பக்கத்தில் தெருப் பெருக்கப் போவாள், திரும்பி வரும்போது காளியம்மன் கோவில் குங்குமத்தோடு வருவாள்.

2002-ம் வருஷம், மழை ஆரம்பித்த சமயம். தோப்பும்படிப் பாலத்தில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. பாலத்தை விட்டு இறங்கியதும் அணைந்துவிட்டது. மறுநாளும் அதே கதை. அப்புறம் இடப்பள்ளி வரை சமதரையில் ஒன்றுமில்லை, எங்கேயாவது மேடு வந்தால் கண்ணைத் திறக்கும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தன் பேட்டரி என்றான், புது பேட்டரி வந்தது. இன்னொருத்தன் பெல்ட் என்றான், பெல்ட் மாறியது. மூன்றாவது ஆள் ஆல்டர்னேட்டரையே கழற்றி உள்ளே இருந்த கார்பனை மாற்றினான். விளக்கு எதற்கும் மசியவில்லை, பாலம் ஏறினால் எரிந்தது. தங்கப்பன் அதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பான், நான் தங்கப்பனைப் பார்த்துப் பல்லைக் கடிப்பேன்.

நான் முன்கோபி. ஒளிப்பானேன்? அந்த மாதம் கம்பெனியில் வண்டி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். வண்டி நம்பத் தகுந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியவன் நான். ஒரு டாட்டா சுமோக்காரன் ஏற்கெனவே ஆபீஸ் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். சனிக்கிழமை சாயங்காலம் கொட்டுகிற மழையில் பாலத்தின் நடுவில் மறுபடியும் விளக்கு எரிந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"தங்கப்பா, திங்கக்கிழமை இந்த லைட் எரிஞ்சா நான் கையெழுத்துப் போட மாட்டேன். சொல்லிட்டேன்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வண்டி போனால் அவனுக்கு மறுபடியும் ஊரார் ஸ்டியரிங்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் அவன் குரல். "சாமி, வெளிய வா! எனக்கு ஒரு கால் வேணும்!"

"கால் எதுக்குடா?"

"கிளச் மிதிக்க! ராத்திரி முழுக்க யோசிச்சேன். பாலத்துல என்ன ஆவுது? எஞ்சின் முக்குது. முக்கினா ஒரு பக்கமா சாயுது. சாயும்போது என்னமோ எங்கியோ தொடுது. பாலத்த வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. எஞ்சின முக்க வைக்க முடியும்!"

அவன் வீட்டு முற்றத்தில் வண்டி பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான். ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, வலது காலால் பிரேக்கை அழுத்த வேண்டும், செகண்ட் கியரில் கிளச்சை மெதுவாக விட வேண்டும்.

"பிரேக்க விட்டே, வண்டி எங்க வீட்டு அடுக்களையில நிக்கும்" என்றான்.

கிளச்சை விட்டேன். வண்டி நகர முடியாமல் உறுமியது, எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விளக்கு எரிந்தது!

"எரியுதுடா!" என்று கத்தினேன்.

"விடாதே, விடாதே!" பேட்டரியில் மாட்டியிருந்த மீட்டரைக் குனிந்து பார்த்தான். அப்படியே தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான். "சாமி! பதினாலு வோல்ட்டு! சார்ஜ் நல்லா ஏறுது! லைட்டு பொய் சொல்லுதுடா!"

எனக்கு வேர்த்துக் கொட்டியது. இத்தனை நாள் நல்ல பேட்டரிக்கும் நல்ல ஆல்டர்னேட்டருக்கும் வைத்தியம் பார்த்திருக்கிறோம். எஞ்சினை நிறுத்தச் சொன்னான். ஆல்டர்னேட்டரிலிருந்து விளக்குக்குப் போகிற சின்ன வயரை அந்த முனையில் கழற்றிவிட்டு, சாவியை மட்டும் போடச் சொன்னான்.

"இப்ப எரியக் கூடாது. எரியுதா?"

"இல்லை."

எஞ்சினை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். விளக்கு கண் சிமிட்டியது. நான் கத்தினேன், அவனும் கத்தினான். கழற்றிப் போட்ட வயர் விளக்கை எரிக்கிறது என்றால், நடுவழியில் எங்கோ தோல் உரிந்து எஞ்சின் இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். நான் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினேன். அவன் வயர்க் கட்டைத் தடவிக்கொண்டே போனான். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கை நின்றது.

"கிட்டியாச்சு!"

வெளியே எடுத்தான். கறுப்புக் கயிறு. அதில் சுண்டுவிரல் அளவில் ஒரு செப்புச் சுருள். ஏலஸ். மலையாளத்தார் அப்படிச் சொல்வார்கள், நமக்குத் தாயத்து. வயர்க் கட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. மாதக்கணக்கில் உரசி அதன் விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. எஞ்சின் சாய்ந்தபோதெல்லாம் செம்பு ஒரு பக்கம் வயரையும் மறுபக்கம் இரும்பையும் தொட்டிருக்கிறது.

"எவன்டா என் வண்டிக்கு மந்திரம் கட்டினது? அந்த சுமோக்காரன்தான்!" என்று குதித்தான் தங்கப்பன்.

"நான்தான்" என்றாள் காளியம்மை.

கையில் சாயா டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். "சிவப்பும் கறுப்புமா வயரு தடியா ஓடிச்சு. வண்டிக்கு அதுதான் உயிர்நாடின்னு நெனச்சேன். உங்ககிட்டச் சொன்னா பிச்சு எறிவீங்க."

தங்கப்பன் வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் நான் சுருளை வாங்கிப் பிரித்தேன். எனக்கு ஆத்திரம். இந்தச் செப்புத் துண்டுக்காக ஒரு நல்ல மனுஷனை நேற்று நாக்கால் அடித்திருக்கிறேன். உள்ளே தகட்டில் தமிழ் எழுத்து கீறியிருந்தது.

"என்ன எழுதியிருக்கு சாமி? என் பேரா?"

"இல்லை. காளியம்மை, கார்த்திகை நட்சத்திரம்."

அவன் அவளைப் பார்த்தான்.

"போன வருஷம் பெருக்கிட்டு இருக்கும்போது இருட்டுல ஸ்கூட்டர் இடிச்சுதில்ல" என்றாள். "அப்ப பூசாரி எனக்கு எழுதிக் குடுத்தது. எனக்கு எதுக்கு? நான் தரையில நிக்கறவ. நீங்கதான் தெனம் பாலம் ஏறுறவரு."

நாலு தெருவுக்குக் கேட்கக் கத்துகிற தங்கப்பன் சாயாவை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். பிறகு வந்து வயரில் டேப் சுற்றினான், வேறு வழியாக இழுத்துக் கட்டினான். நான் மறுபடி கிளச்சை விட்டேன், பத்துத் தடவை விட்டேன். விளக்கு எரியவே இல்லை. ஏலஸை அவனே பெண்டாட்டி கழுத்தில் கட்டினான், முடிச்சு சரியாக விழாமல் மூன்று தடவை கட்டினான்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு அவன் வரவில்லை. ஆறு ஐம்பதுக்கும் வரவில்லை. நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. வண்டி மறுபடி படுத்துவிட்டதோ என்று தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஏழுக்கு வந்து நின்றான். மற்ற இரண்டு பேரும் முணுமுணுத்தார்கள்.

"என்னடா, இன்னிக்குப் போய் லேட்டு?" என்றேன்.

"அவ பெருக்குற தெருவுல மூணு லைட்டு எரியல சாமி" என்றான், கியரைப் போட்டுக்கொண்டே. "ஹெட்லைட்டப் போட்டு அவ பின்னாலியே வண்டிய ஊர விட்டேன். தெரு முடியாம வர முடியல. இனிமே தெனமும் ஏழு மணிதான்."

பாலம் வந்தது. நான் டாஷ்போர்டைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்து மடியில் வைத்து, புறப்படும் நேரம் ஆறே முக்கால் என்று இருந்ததை ஏழு என்று திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டேன்.