ஆளில்லாமல் ஆடிய நாற்காலி

திண்டுக்கல் கடையில் என் மகள், பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும் கிளைடர் நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் ஒன்றைத் தள்ளிவிட்டார். "சத்தமே வராது சார்." ஆளில்லாமல் அது முன்னும் பின்னும் ஆடியது.

அதைப் பார்த்ததும் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு ஆறு வயது. தாடிக்கொம்பு வீட்டில், கைக்குழந்தையாயிருந்த தங்கையின், பால் வாசம் அடித்த வெறும் சேலைத் தொட்டிலை ஆட்டி விளையாடினேன். விட்டத்தில் கயிறு கிறீச்சிட்டது. வெறும் தொட்டில் ஆடினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அந்த வாரமே தங்கை காய்ச்சலில் இறந்தாள்.

"அன்னைக்கு சத்தம் கேட்டுச்சே. ஏலே, வெறுந்தொட்டில ஆட்டுனது யாரு?" என்றாள் அத்தை.

"அம்மாதான்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஆமா, நாந்தான்."

கொன்றது காய்ச்சல்தான் என்று படித்தபின் தெரிந்தும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பழிக்குப்பின் யாரும் அம்மாவிடம் கைக்குழந்தையைக் கொடுத்ததில்லை. இதே மகள் பிறந்தபோதும் அம்மா நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பார்த்தாள். நான் உள்ளே கூப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்க இப்போது அம்மா இல்லை.

"உக்காந்து பாருங்கப்பா. பேரப்பிள்ளைய நீங்கதான மடியில வச்சிருக்கப் போறீங்க" என்றாள் மகள்.

ஆடிக்கொண்டிருந்த நாற்காலியைப் பிடித்து நிறுத்திவிட்டு, அன்று அம்மா நின்றதைப் போல விலகி நின்றேன்.

"நீ உக்காரும்மா. நான் இப்படித் தள்ளியே நின்னுக்கிறேன்."