எந்த ஊர் என்று கேட்டார்கள்

ஒரகடத்தில் இருந்த வருடங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். வீட்டுக்காரர் கேட்டார், காண்ட்ராக்டர் கேட்டார், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கூடக் கேட்டார். "எந்த ஊருப்பா நீ?" ஒரகடம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அங்கேதான் வேலை செய்தேன், தூங்கினேன், டைபாய்டு வந்து ஆள் துணையில்லாமல் கிடந்தேன். ஆனாலும் பரமக்குடி என்றுதான் சொல்வேன். அதற்கு முன் திருப்பூரிலும் பெல்லாரியிலும் அலைந்தபோதும் அதே பதில்தான். பரமக்குடியில் எனக்கென்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆனால் நம்மிடையே அந்தக் கேள்விக்கு அர்த்தம் அது. இருக்கும் இடத்தை யாரும் கேட்பதில்லை. பிறந்த இடத்தைத்தான் கேட்கிறார்கள்.

இந்த வழக்கத்தை வைத்து ஒரு தொழில் நடத்தலாம் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். என் அக்காவின் கணவர் அதில் மாட்டினார்.

மச்சான் சிங்கப்பூரில் கப்பல் தளத்தில் வெல்டர். கல்யாணமான மறு வருடம் போனவர், வேலை பெர்மிட் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். நான் ஒரகடத்தில் இருந்தபோதுதான், இனிப் புதுப்பிப்பதில்லை, ஊரோடு வந்துவிடுவது என்று முடிவெடுத்தார். பரமக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிரில் பட்டறை போட ஒரு இடமும் பேசி வைத்தார்கள். அக்கா ஃபோனில் என்னிடம் சொன்னாள்: "இந்தத் தடவ வரட்டும்டா. வந்ததும் பாஸ்போர்ட்ட எடுத்து அடுப்புல வச்சிர்றேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் செய்யக்கூடியவள்.

பட்டறைக்குச் சேர்த்த பணம் சும்மா பேங்கில் கிடப்பதைவிட இதில் போட்டால் பெருகும் என்று மச்சானுக்கு ஒரு ஃபோன் வந்தது. டாலர் ஏறுமா, யூரோ இறங்குமா என்று செல்ஃபோனில் பார்த்து அமுக்க வேண்டும். ஆன்லைன் டிரேடிங் என்று பெயர். கட்டிலில் படுத்தபடியே செய்யலாம். மச்சான் போட்ட பணம் முதலில் ஏறவும் செய்தது. ஊருக்குக் கிளம்பும் காலம் நெருங்கி, எல்லாவற்றையும் எடுக்கப் போனபோது கம்பெனியிலிருந்து பதில் வந்தது. சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு நாங்கள் இந்தச் சேவை தருவதில்லை, இந்தியாவில் வசிப்பதாகச் சொல்லிச் சேர்ந்துவிட்டு அங்கிருந்து இயக்கியிருக்கிறீர்கள், இது விதிமீறல், கணக்கை முடக்கிவிட்டோம்.

அவரைச் சேர்த்ததே சிங்கப்பூர் நம்பருக்கு ஃபோன் செய்துதான்.

மச்சான் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, கம்பெனி ஏதோ தீவுல இருக்காம். ஆனா ஃபோன் பண்றது ஸ்ரீபெரும்புதூர்ல இருந்துடா. அந்தப் புள்ள பேச்சுவாக்குல டயர் கடை மாடின்னு சொல்லுச்சு. உனக்குப் பக்கம்தான? ஒரு எட்டு போயி என்னன்னு கேட்டுட்டு வா. சண்டை கிண்டை போட்றாத."

நைட் ஷிஃப்ட் முடிந்து குளித்துவிட்டுப் போனேன். கீழே டயர் கடை. படிக்கட்டின் கீழ் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"டிரேடிங் ஆபீஸா? மேல கீது. செருப்ப இங்கயே வுட்டுட்டுப் போ. கார்பெட்டு போட்டுகீறாங்கோ. நம்மள மாதிரி காலுக்கு இல்ல அது."

மேலே ஏ.சி. குளிர். வரிசையாகப் பெண்கள், காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டை கட்டிய மேனேஜர் என்னைப் பார்த்ததும், "என்ன விஷயம்?" என்றார்.

"ஒரு சோலியா வந்தேன் சார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எந்த ஊரு?"

"பரமக்குடி சார்."

"பேசு, இன்னும் ஏதாவது பேசு. இந்தப் பேச்சுதாம்பா எனக்கு வேணும். ஆம்பளக் குரலே கிடைக்கல. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் கவனி. அப்புறம் சம்பளம் பேசலாம்."

வேலை கேட்டு வந்தவன் என்று நினைத்துவிட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையில் வேலையைத் தேடி நான் போயிருக்கிறேனே தவிர, வாசலில் நிற்கும்போதே யாரும் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை. அதுவும் வாயைத் திறந்த ஒரே காரணத்துக்காக.

அந்தப் பெண்ணுக்கு அருப்புக்கோட்டை. செல்ஃபோன் செய்யும் ஆலையில் அசெம்பிளி லைனில் இருந்தவள். அங்கே ஆள் குறைத்தபோது ஹாஸ்டலை விட்டு ஊருக்குப் போக மனமில்லாமல் இங்கே வந்திருக்கிறாள். மற்றவர்களும் அப்படித்தான். ஒருத்தி வாயிலும் சென்னைப் பேச்சு இல்லை. எல்லோரும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம். பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள்.

அவள் அடுத்த நம்பரைப் போட்டாள்.

"அண்ணே, வணக்கம்ணே. சாப்டீங்களா? வெயில்ல வேல பாத்துட்டு வந்துருப்பீக, ஒரு நிமிசம் பேசலாமாண்ணே? நமக்கு எந்த ஊருண்ணே?... முதுகுளத்தூரா? அட, எங்க சித்தி வாக்கப்பட்ட ஊருண்ணே."

பேசிக்கொண்டே அவள் விரல்கள் கம்ப்யூட்டரில் முதுகுளத்தூர் என்று அடித்தன. பேசி முடித்ததும் கேட்டேன்.

"சித்தி முதுகுளத்தூர்லயா இருக்காங்க?"

"சித்தி ஒண்ணுதாண்ணே. யார் எந்த ஊர் சொன்னாலும் அங்க வாக்கப்பட்ருவாங்க."

"ஆளு சிங்கப்பூர்லதான இருக்காரு. அதக் கேக்கவே இல்லையே?"

"அதக் கேக்கக் கூடாதுண்ணே. வசிக்கிற இடம்னு ஒரு பெட்டி இருக்குல்ல, அதுல சிங்கப்பூர்னு அடிச்சா செவப்பாயிரும். மேல போகாது. அந்த நாட்டுல நம்ம கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லையாம்ல. அதான் எங்க இருக்கீகன்னு கேக்காத, எந்த ஊருன்னு கேளுன்னு சார் சொல்லியிருக்காரு. பாஸ்போர்ட்லயும் ஊர் அட்ரஸ்தான இருக்கும். ரெண்டும் ஒத்துப்போயிரும்."

ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். லைனில் புதிதாக வந்தவனுக்கு போல்ட் முடுக்கச் சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து மேனேஜரிடம் போய், மச்சானின் பெயரையும் நம்பரையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுவரை 'வா, போ' என்றவர் 'வாங்க, உக்காருங்க' என்று மாறினார். எனக்கு மரியாதை கிடைத்த சில இடங்களில் இப்படித்தான் கிடைத்திருக்கிறது.

"உங்க மச்சான் தப்பான தகவல் கொடுத்துட்டாருங்க. எல்லாமே ரெக்கார்டு ஆயிருக்கு. நீங்களே கேளுங்க."

ஸ்பீக்கரில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே பெண்ணின் குரல்: "நமக்கு எந்த ஊருண்ணே?"

பிறகு மச்சான். "பரமக்குடிம்மா. இந்தா, ஒம் பேச்சக் கேக்கவும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மாதிரில்ல இருக்கு. நீ எந்த ஊரு தாயி?"

"எமனேஸ்வரம்ணே. ஆத்தத் தாண்டுனா எங்க வீடு."

மச்சான் சிரித்தார். எங்கள் யாரிடமும் அவர் அப்படிச் சிரித்துப் பேசி நான் கேட்டதில்லை. அக்காவிடம் பேசும்போதுகூட ஃபோன் கார்டில் காசு தீர்ந்துவிடுமே என்ற அவசரம்தான் இருக்கும். நான் திரும்பி அருப்புக்கோட்டைப் பெண்ணைப் பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வசிக்கிற இடம் பரமக்குடின்னு அவரு வாயாலயே சொல்லியிருக்காரு," என்றார் மேனேஜர்.

"எந்த ஊருன்னு கேட்டா மனுசன் வேற என்னத்தச் சொல்லுவான்?"

"அது அவருக்குத் தெரிஞ்சிருக்கணுங்க."

சண்டை போடாதே என்று மச்சான் சொல்லியிருந்தார். போடவில்லை. செருப்பை மாட்டும்போது வாட்ச்மேன் கேட்டார். "இன்னாபா, வேல கெடைச்சிதா?"

"கெடைச்சுச்சு. வேணாம்னுட்டேன்."

"நல்லா வருவ நீ," என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஒரு வக்கீலிடம் போனேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவனுக்கும் புரியும்படி அவர் சொன்னார், அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

"ஒம் மச்சான் எங்க வசிக்கிறாரு? சிங்கப்பூர்லன்னா இங்க ஒண்ணும் ஆவாது. பணம் போனதும் அங்கிருந்து, ஆளும் அங்க. அங்க போயி கேக்கச் சொல்லு. இல்ல, இந்தியாவுலதான் வசிக்கிறேன்னு அவரு சொன்ன மாதிரியே வச்சிக்கினாலும் வம்புதான். இங்க வசிக்கிறவன் வெளிநாட்டுக் கம்பெனில பணத்த அனுப்பி இந்த டாலர் ஆட்டம் ஆடறதே சட்டப்படி தப்பு. கம்ப்ளெயின்ட் குடுக்கப் போனவரத்தான் மொதல்ல ஒக்கார வச்சி கேப்பாங்க."

மச்சான் லீவு நாளில், இங்கிலீஷ் தெரிந்த ஒரு சக தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு அந்த ஊர் அதிகாரிகளைப் பார்த்தார். அந்தக் கம்பெனிக்கு இங்கே அனுமதி கிடையாது, எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் போட்டிருக்கிறோம், நீங்கள் பார்த்திருக்க வேண்டும் என்றார்களாம். இந்தியாவில் வசிப்பதாக நீங்களே சொல்லிச் சேர்ந்திருக்கிறீர்கள், தீவில் இருக்கும் கம்பெனியிடமிருந்து பணத்தை வாங்கித் தர எங்களால் முடியாது என்றார்களாம்.

"மரியாதையாத்தான் பேசுனாய்ங்க மாப்ளே. குடிக்கத் தண்ணி குடுத்தாய்ங்க."

இரண்டு நாட்டுச் சட்டமும் மச்சானைப் போன்றவர்கள் ஏமாறக் கூடாது என்றுதான் போட்டது. வசிக்கும் இடம் ஒன்றாகவும் ஊர் இன்னொன்றாகவும் இருப்பவன் எந்தச் சட்டத்தின் கீழும் வரவில்லை. டை கட்டியவர் அந்த இடைவெளியை எங்களைவிட நன்றாகப் பார்த்திருந்தார்.

சில மாதங்களில் மாடி காலியானது. டயர் கடைக்காரர் அங்கே டயர்களை அடுக்கிவிட்டார். அந்தப் பெண்ணை ஒரு முறை ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். வேறொரு ஆலையின் சீருடையில் நின்றாள். அவளாகவே வந்து பேசினாள்.

"சார் பேரு எதுலயும் இல்லண்ணே. ரெக்கார்டுல இருக்கதெல்லாம் எங்க கொரலுதான். எப்பவாவது புடிச்சா எங்களத்தான் புடிப்பாங்களா?"

"தெரியலம்மா," என்றேன். அவளைத் திட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

பட்டறை இடம் வேறு ஆளுக்குப் போனது. அடுப்பில் பாஸ்போர்ட்டை வைப்பதாகச் சொன்னதை அக்கா பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் மச்சான் கூப்பிட்டார். வழக்கம் போல மழையா, வேலை உண்டா என்று கேட்டார்.

"மாப்ளே, அந்தப் புள்ளயப் பாத்தியா அங்க?"

"பாத்தேன் மச்சான்."

"எமனேஸ்வரம்னு சொல்லுச்சு. நெசமாடா?"

"ஆமா மச்சான். எமனேஸ்வரம்தான்."

"அதான் பாத்தேன். அந்தப் பேச்ச அப்டி வெளியாளு பேச முடியாதுல்ல," என்றார்.

பிறகு, பெர்மிட்டை இன்னும் இரண்டு வருடத்துக்குப் போட்டுவிட்டதாகவும் அதை அக்காவிடம் நானே பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.