கோட்டைத் தாண்டிய பந்து

அஜ்மானில் என் மகனுடைய பள்ளி அணியின் கால்பந்து அரையிறுதி. நடுவராக வந்தவர் துபாய் சத்வாவில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர். வெயிலில் வற்றிய உடம்பு. ஒவ்வொரு முறையும் விசிலைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டுத்தான் ஊதுவார். ஆள் பற்றாததால் கோட்டோரம் கொடி பிடிக்க என்னை நிறுத்தினார்.

கடைசி நிமிடத்தில் எதிரணி அடித்த பந்து எங்கள் கோல் கோட்டைத் தாண்டியது. பார்த்தேன். எங்கள் கோல்கீப்பர் அதை வெளியே இழுத்துவிட்டான்.

“சார், தாண்டிச்சா?”

“இல்ல பாய்.”

கோல் இல்லை என்றார். நாங்கள் வென்றோம்.

“போய்த் துணிய அளங்க பாய், உங்களுக்கு எதுக்கு விசிலு?” எதிரணிப் பெற்றோர் சூழ்ந்துகொண்டார்கள். அவர் என்னைக் கைகாட்டவே இல்லை.

கிளம்பும்போது சொன்னார்: “ஃபைனலுக்கும் நீங்களே கொடி புடிங்க சார்.”

நம்பிச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, இன்றுவரை புரியவில்லை. தலையாட்டினேன். ஃபைனல் அன்று மைதானத்துப் பக்கமே போகவில்லை.