அக்கா தாங்கமாட்டாள்

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டு உள்ளறைக் கதவில், நெஞ்சு உயரத்தில், நான்கு சிறிய ஓட்டைகள் இருந்தன. தாழ்ப்பாள் இருந்த இடம் அது. அக்காவுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது அந்த அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. தன்னைப் பற்றியே யாரோ ஓயாமல் பேசுகிறார்கள் என்று உள்ளேயிருந்து கத்தினாள். கடைசியில் அப்பா ஜன்னல் வழியாக நீளக் கம்பியை விட்டுத் தாழைத் தள்ளினார். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அன்றே ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றி, ஆணிகளோடு ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் வைத்துவிட்டார். எனக்கு அப்போது பதினாலு வயது. அப்பா செய்தது ரொம்பச் சரி என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு பதினோரு வருஷம் அந்தக் கதவுக்குத் தாழ் இல்லை. அக்கா புடவை மாற்றும்போது முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு மாற்றுவாள். சில நாள் தண்ணீர்க் குடத்தைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தி வைப்பாள். யாராவது தள்ளினால் குடம் தரையில் இழுபடும் சத்தம் கேட்கும், சட்டென்று திரும்பிக்கொள்ளலாம். அந்தச் சத்தம் கேட்டும் நாங்கள் தள்ளிக்கொண்டுதான் போனோம். சீப்பு எடுக்கப் போவோம், சும்மா எட்டிப் பார்க்கப் போவோம். கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் நோய்க்கு மனச்சிதைவு என்று பெயர் சொன்னார்கள். வீட்டில் அந்தப் பெயரை நாங்கள் சொன்னதில்லை. எங்களுக்கு ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது: தாங்கமாட்டாள். கல்யாண வீட்டுக் கூட்டத்தை அக்கா தாங்கமாட்டாள், பஸ் நெரிசலைத் தாங்கமாட்டாள், வேலைக்குப் போனால் தாங்கமாட்டாள். அப்பா மாரடைப்பில் போனபோது அவளைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிய பிறகு கூட்டிவந்து சொன்னோம். அவள் அப்பாவின் சட்டை தொங்கிய ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, இவளுக்கு உறைக்கவில்லை என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இப்போது அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகு என் அதிகாரம் இன்னும் ஏறிவிட்டது. அக்காவுக்கு அப்போது மாற்றிக் கொடுத்திருந்த மாத்திரைக்கு மாதாமாதம் ரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நானே எடுப்பேன், நானே ரிப்போர்ட் வாங்குவேன், டாக்டரிடம் நானே பேசுவேன். அவள் பக்கத்து நாற்காலியில் கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வெள்ளணு எத்தனை என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். அவளுக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று கேட்டிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

டாக்டர் ஒரு பகல்நேர மையத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே சமூகப் பணியாளராக இருந்த மேடம் கன்னடக்காரர். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். முதல் நாள் அம்மாவும் நானும் அக்காவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு அவள் சரித்திரத்தை மாற்றி மாற்றி ஒப்பித்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மேடம் அக்காவின் பக்கம் திரும்பி, "நிமகே ஏனு பேக்கு?" என்றார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அர்த்தம். தமிழில் பேக்கு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். தெருப் பிள்ளைகள் அக்காவை அப்படித்தான் கூப்பிட்டார்கள், கோபம் வந்தால் நானும் கூப்பிட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை ஒருத்தர் அவளிடம் இவ்வளவு மரியாதையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

"நல்லாயிட்டா போதும்மா, வேற இன்னா வேணும்" என்றாள் அம்மா. மேடம் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் அக்காவிடமே கேட்டார். நான் வாயைத் திறந்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிறகு அக்கா, "பாகிலிகே சிலக பேக்கு" என்றாள். கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். பதினோரு வருஷ வைத்தியத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் சாமான் அது. அம்மா பயந்து என்னைப் பார்த்தாள். மேடம், இதை நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள், அவளுக்குக் கஷ்டம் வந்தால் என்ன செய்யலாம் என்பதையும் அவளையே கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாளை ஆசாரி போட்டுக்கொடுத்தார். அவசரமென்றால் எதை வைத்துத் திறக்கலாம் என்று அக்காவே எங்களுக்குக் காட்டினாள். முதல் நாள் அவள் உள்ளே போய்த் தாழ் போட்டதும் அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம், "கீறியா?" என்பாள். உள்ளேயிருந்து, "கீறேன்" என்று பதில் வரும். பத்துப் பன்னிரண்டு தரம் ஆனதும் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "துணி மடிக்கறேம்மா. நீ போய் அரிசி களை" என்றாள்.

அந்த மையத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அவள் வீட்டிலும் கன்னடத்திலேயே பேசத் தொடங்கினாள். நாங்கள் தமிழில் கேட்டால் கன்னடத்தில் பதில் வரும். பெங்களூரில் பிறந்த எங்களுக்குக் கன்னடம் ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் சொந்த வீட்டில் யார் பேசுவார்கள்? அம்மாவுக்குக் காய்கறி வாங்குகிற அளவுதான் வரும். "பெத்தவகிட்ட வேத்து பாஷையில பேசறாளே" என்று அழுதாள். நோய் புதுத் தினுசில் முற்றுகிறது என்று நான் முடிவு கட்டி, டாக்டரிடம் சொல்வதற்கு ஒரு பட்டியலே போட்டு வைத்தேன். ஒருநாள் ரத்தம் எடுத்துவிட்டு ஆட்டோவில் வரும்போது பொறுக்காமல் கேட்டேன், "ஏன்க்கா இப்படிப் பண்றே?"

அவள் டிரைவருக்குக் கேட்காதபடி என் பக்கம் குனிந்து, "அவங்களுக்குக் கன்னடம் தெரியாதுடி" என்றாள்.

அவங்க என்றால் அவள் காதில் பேசுகிறவர்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண். மாத்திரைக்கு அவர்கள் சத்தம் குறைந்ததே தவிர, ஒரேயடியாகப் போகவில்லை. தமிழில், அதுவும் எங்கள் வீட்டில் பேசுகிற திருப்பத்தூர்ப் பக்கத்துத் தமிழில் பேசுவார்களாம். அவள் தமிழ் பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நொட்டைச் சொல் சொல்வார்கள். கன்னடத்தில் பேசினால் என்ன சொல்கிறாள் என்று புரியாமல் ஒதுங்கிக்கொள்வார்கள். "நம்ம பெரிம்மா மாதிரிதான். இத்தினி வருஷமா இந்த ஊர்ல கீறாங்க, ஒரு வார்த்தை கத்துக்கல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தேன், அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் சொல்ல வைத்திருந்த பட்டியலை வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டேன்.

அதிலிருந்து மூன்றாவது வருஷம் அவளுக்கு ஆனேக்கல் பக்கத்தில் செடி விற்கிற ஒரு நர்சரியில் வேலை கிடைத்தது. மண் கலந்து பையில் நிரப்புவது, கன்று எடுத்து நடுவது, தண்ணீர் விடுவது. காலையில் மாத்திரை மயக்கம் தெளிய நேரமாகும், பத்து மணிக்கு வந்து ஆறரை வரை இருக்கிறேன் என்று முதலாளியம்மாவிடம் அவளே பேசிக்கொண்டாள். நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதையும் அவளே தீர்மானித்தாள். பக்கத்திலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் குதித்தேன். தனியாக எப்படி, தாங்கமாட்டாய் என்றேன். போனாள். நடுவில் ஒருதரம் நோய் அதிகமாகிப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்போதும் தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள். அப்பாடா, இனி வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நான் உள்ளறையைப் பெருக்கி வைத்தேன். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஆனேக்கல் பஸ் ஏறிவிட்டாள்.

இப்படி நான்கு வருஷம் போனது. போன வருஷம் அம்மாவுக்கு வயிற்றுவலி என்று ஆரம்பித்தது. கணையத்தில் கட்டி, வெகுவாகப் பரவிவிட்டது. ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிந்தவள் நான்தானே, நின்ற இடத்திலேயே படித்துவிட்டேன். சில வாரங்கள்தான் என்றார் டாக்டர். எனக்கு முதலில் அழுகை வந்தது. அது அடங்கியதும் வந்த நினைப்பு, அக்காவிடம் சொல்லக்கூடாது என்பது. இங்கே வந்தால் அம்மாவிடம் தமிழில்தான் பேச வேண்டும். பேசினால் அவள் காதில் பேசுகிறவர்கள் வருவார்கள். துக்கம் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம் என்றால் வேலை, அறை, அவள் கட்டிவைத்திருந்ததெல்லாம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு லேசாக வயிறு சரியில்லை என்று போனில் சொன்னேன். அந்த மாதம் ரத்தம் கொடுக்க வர வேண்டாம், ஆனேக்கல்லிலேயே கொடுத்துவிடு என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், தோளில் ஒரு பையோடு அக்கா வந்து நின்றாள். அம்மா உருகிப்போய்ப் படுத்திருந்ததைப் பார்த்தாள். கிட்டே போய்க் காலைத் தொட்டுவிட்டு, என்னைக் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்து வந்தாள்.

"ரத்தம் எடுக்க வேற யாரையும் என் கைமேல கை வெக்க விடமாட்டியே. நீயே வராதேன்னு சொன்னா எனக்குப் புரியாதா? ஏன்டி சொல்லல?"

"நீ தாங்கமாட்டேன்னுதான்க்கா."

அக்கா உரக்கப் பேசுகிறவள் அல்ல. அன்றும் குரலை உயர்த்தவில்லை. "பதினெட்டு வருஷமா தாங்கிக்கினுதானே கீறேன். என் காதுல கேக்கறதை நீ ஒரு நாள் கேட்டுக்கினு வேலைக்குப் போவியா? அப்பாவைத்தான் காட்டாம தூக்கினு போனீங்க. அம்மாவையுமா?" என்றாள். அவள் காலடியிலேயே படியில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, பிறகு முந்தானையைக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னாள்.

வருவதற்கு முன்பே வேண்டிய ஏற்பாடெல்லாம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நர்சரியில் லீவு சொல்லியாகிவிட்டது, டாக்டரிடமும் மேடத்திடமும் பேசியாகிவிட்டது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். நான் சாப்பாட்டை ரெண்டு வேளை தொடாவிட்டால் என்னிடம் கேள், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே நின்றால் டாக்டருக்குப் போன் பண்ணு, அதற்கு முன்னால் ஒன்றும் பண்ணாதே என்று அவள் கையெழுத்தில் இருந்தது. அந்தக் கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். எனக்காகத்தான்.

மூன்று வாரம் அக்கா அம்மாவோடு தமிழிலேயே பேசினாள். குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள், பழைய கதை கேட்டாள். அம்மா ஏழு வருஷத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினாள். தினமும் நாலு மணிக்கு அக்கா எதிர்க்கடைக் கன்னடக்கார அம்மாவிடம் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவாள், அது அவளுக்கு மூச்சு விடுகிற நேரம். நான் கண்கொத்திப் பாம்பாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது அவள் உதடுகள் அசைந்தன. இன்னொரு நாள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. தாளில் எழுதியிருந்தபடி கேட்டேன். "ஆமா, ஜாஸ்தியாத்தான் கீது. டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை ஏத்திக்கினேன். நீ உன் சோத்தைத் துன்னு" என்றாள். எனக்குக் கை பரபரத்தது. ஆனாலும் போனை எடுக்கவில்லை.

அம்மா ஒரு காலைவேளையில் அக்காவின் மடியில் தலை வைத்தபடி போனாள். இந்த முறை அக்கா எல்லாவற்றுக்கும் இருந்தாள். கடைசித் தண்ணீர் ஊற்றினாள், சேதி சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொன்னாள், காரியம் முடிகிறவரை வந்தவர்களுக்குப் பந்தி விசாரித்தாள். பெரியம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, இவள் எப்படித் தாங்குகிறாள் என்று கேட்டாள். அவளிடமே கேளுங்கள் என்றேன்.

காரியம் முடிந்த மறுநாள் ஆனேக்கல் பஸ்ஸுக்காக ஓசூர் ரோட்டில் நின்றோம். நன்றாக இளைத்திருந்தாள், கண் குழிவிழுந்திருந்தது. இங்கேயே ஒரு வாரம் இரு என்று சொல்ல வாய் வந்ததை அடக்கிக்கொண்டு, "ரொம்பப் பேசினாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"கத்தினாங்கடி. மூணு பேரும் சேர்ந்துக்கினு கத்தினாங்க. அம்மாவுக்குக் கடைசியில குரலே இல்ல. அவ வாய்கிட்ட காதை வெச்சிக்கினு கேட்டேன்."

"இன்னா சொன்னா?"

பஸ் வந்துவிட்டது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் ஏறினாள். ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அது எனக்குச் சொன்னது" என்றாள்.

இன்றுவரை நான் மறுபடி கேட்கவில்லை.