ராக்கெட்டு என்று பேர் வாங்கியவள் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிய கதை

அன்று அய்யாவிடம், அதாவது என் அப்பாவிடம், நான் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றுதான்: எனக்குக் கிடைத்திருப்பது ராக்கெட் வேலை இல்லை.

ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங்கில் சேர்ந்த நாளிலிருந்து ஊரில் என் பெயரே ராக்கெட்டு. மிளகாய்க் காட்டிலிருந்து நேரே ஏவுதளத்துக்குப் போய்விடுவேன் என்று எல்லோருக்கும் நினைப்பு. எனக்கும்தான், இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் ஓர் இறக்கைத் துண்டின் மேல் காற்று எப்படி வழுக்கிப் போகிறது என்று பார்க்கும்வரை. பிறகு காற்றே பிடித்துப்போனது. சென்ற மார்ச்சில், காற்றாலை இறக்கை வடிவமைக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. போனில் "வேலை கெடச்சிருச்சு அய்யா" என்றேன். மீதியைச் சொல்வதற்குள், "ராமேஸ்வரத்துக்கு நேர்ந்திருக்கேன் தாயி, சனிக்கெழம போறோம்" என்று வைத்துவிட்டார். நேர்த்திக்கடனில் பொய் கலக்கக் கூடாது என்பதில் அய்யா கண்டிப்பு. கோவிலின் இருபத்திரண்டு தீர்த்தக் கிணறுகளில் கடைசிக் கிணற்றுக்கு முன்பு சொல்லியாக வேண்டும்.

ராமநாதபுரத்தில் காலை ஐந்தரைக்குப் பேருந்து ஏறினோம். ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பாம்பன் பாலத்தில் கடற்காற்று ஜன்னலை அறைந்தது. "எப்பிடித் தள்ளுது பாரு!" என்றார் அய்யா. காற்றைப் பற்றி அவர் இவ்வளவு உற்சாகமாகப் பேசி நான் கேட்டதில்லை. சொல்ல வாயெடுத்தேன், பக்கத்து இருக்கைக்காரர் நண்டு விலையை ஆரம்பித்துவிட்டார்.

அக்னி தீர்த்தத்தில் கடலில் மூழ்கிவிட்டு ஈரத்தோடு கோவிலுக்குள் போனோம். சீட்டு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒருவர் நின்று, வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். வரிசை நிற்கவிடாது. மனம்விட்டுப் பேச இதைவிட மோசமான இடம் கிடையாது.

கடைசிக் கிணற்றில் கூட்டம் தேங்கியது. "அய்யா, அந்த வேலை..." என்று தொடங்கினேன். மேலிருந்து வாளிக்காரர் குறுக்கிட்டார்.

"என்ன வேண்டுதல்ணே? பாப்பாவுக்குக் கல்யாணமா?"

"கல்யாணம்னா மாப்பிள்ளையவுல்ல கூட்டியாந்து நனைச்சிருப்பேன்! வேலை கெடச்சிருக்கு."

"என்ன வேலை?"

"காத்தாடிக்கு றெக்க செய்யிற வேலை. கயத்தாறு பக்கம் சுத்துமே, அந்தப் பெரிய காத்தாடி."

நான் திரும்புவதற்குள் தலையில் தண்ணீர் விழுந்தது.

பிரகாரத்தில் துண்டைப் பிழிந்தபடி அய்யா சொன்னார்: "விலாசம் சரிபாக்கணும்னு ஒங் கம்பெனியில இருந்து போன் பண்ணாக. அவுககிட்டயே எல்லாம் கேட்டுக்கிட்டேன்."

"ராக்கெட்டுன்னுதான நேர்ந்தீக?"

"வேலைன்னுதான் நேர்ந்தேன். ராக்கெட்டுன்னது ஊரு. சாமி என்ன நம்மூரு டீக்கடையிலயா ஒக்காந்து கேட்டுச்சு? ராக்கெட்டும் காத்துல போறதுதான தாயி."

உயரப் போனால் அங்கே காற்றே கிடையாது என்று சொல்ல வந்தேன். அதையும் சொல்லவில்லை. சொட்டச் சொட்ட நின்று சிரித்தேன். பல நாளுக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது.

போகிறவர்களுக்கு: அமாவாசையைத் தவிருங்கள். அடர்நிறப் பருத்தி உடை நல்லது. மாற்றுத்துணி கட்டாயம், ஈரத்தோடு சன்னதிக்குப் போக முடியாது. கல்தளம் வழுக்கும், ஓடாதீர்கள். என்னைப் போல் ஏரோஸ்பேஸ் படிக்கப் போகிறவர்களுக்கு: ஏவுதளம் ஒரு வாசல்தான். விமானப் பராமரிப்பு, டிரோன், காற்றாலை எல்லாம் அதே பாடத்திலிருந்து கிளைக்கிறவை. எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதை வீட்டில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரில் இப்போது என் பெயர் காத்தாடி.