பாதைக்கு அந்தப் பக்கம்

சிரில் ஹோராக் செக் நாட்டின் மொரேவியாவில் பிறந்தவர். இங்கே அமெரிக்காவுக்கு வந்து பேருந்துகளுக்கு பிரேக் சரிசெய்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஆர்டெலியா இந்த வின்ஸ்டன்-சேலத்திலேயே, எங்கள் மொரேவியன் கிறிஸ்தவ சபையில் பிறந்தவர். இருவருமே தங்களை மொரேவியர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அவருக்கு அது ஊர். மனைவிக்கு அது சபை. ஆர்டெலியாவின் முன்னோர் விசுவாசத்துக்காக அந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டவர்கள்.

"விரட்டுனது எங்க ஆளுங்கதான்," என்று சிரிப்பார் சிரில். "போறப்ப எங்க பேரையும் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

சபையில் மட்டும் அவர் சேரவே இல்லை.

ஆர்டெலியா இறந்தபின் வந்த இரண்டாவது ஈஸ்டர். முந்தின நாள், வழக்கம்போல எல்லோரும் வாளியும் பிரஷ்ஷுமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் தோட்டத்தில் குடும்பம் குடும்பமாகப் புதைப்பது கிடையாது. ஒரே அளவில், தரையோடு படுத்த வெள்ளைக் கற்கள். மணமான பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் பாதைக்கு அந்தப் பக்கம், இறந்த வரிசையில். ஆர்டெலியாவுக்கு அடுத்த கல் என் அம்மாவுடையது. நானும் சிரிலும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

ஆர்டெலியாவின் அக்கா வெர்லீன் பூக்களோடு வந்தார்.

"மாப்ள, இந்த வருஷமும் சபையில சேரல. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நெடுஞ்சாலையோரப் பொதுக் கல்லறையிலதான் புதைக்கணும். இங்க சபையாருக்கு மட்டும்தான் இடம்."

"சேர்ந்தா மட்டும் அவ பக்கத்துல விடுவீங்களா, மதினி?"

"நாப்பது வருஷம் பக்கத்துல படுத்து உங்க குறட்டையைக் கேட்டாளே, போதாதா? கொஞ்சம் தள்ளியே படுங்க."

சிரில் சிரித்தார். பிறகு பிரஷ்ஷை வாளியில் போட்டார்.

"நம்புறேன்னு சொன்னாத்தான் சேத்துப்பீங்க. ஆறடி இடத்துக்காக அதைச் சொல்ல மாட்டேன். பொய் சொன்னா அவளுக்குப் புடிக்காது. தானா வந்தா சொல்றேன்."

கல்லின் மேல் வைக்கச் சொல்லி வெர்லீன் பூவை அவரிடமே நீட்டினார்.

மறுநாள் விடியுமுன் கோயில் வாசலில் கூடினோம். "கர்த்தர் உயிர்த்தெழுந்தார்," என்றார் போதகர். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்," என்று நாங்கள் சொல்லும் அந்த இடத்தில், ஒவ்வொரு வருஷமும் சிரில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாயை மூடி நிற்பார். இந்த முறை உதடுகள் அசைந்தன. கரகரத்த குரல், அவருடைய தாய்மொழி. எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எங்கள் குரல் முடிந்த இடத்தில் அதுவும் முடிந்தது.

"என்ன முணுமுணுத்தீங்க?" என்றார் வெர்லீன்.

"நீங்க சொன்னதைத்தான். ஆனா இது அசல் மொரேவியா சரக்கு."

பித்தளைக் குழல்கள் முன்னும் பின்னும் ஒலிக்க, கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். வெளிச்சம் வந்திருந்தது. நாங்கள் ஆர்டெலியாவின் பக்கம் திரும்பியபோது அவர் மட்டும் பாதையைக் கடந்தார். ஆண்களின் கடைசிக் கல்லுக்கு அடுத்த வெறும் புல்லில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார்.

"தெரியுதா?" என்று கத்தினார் வெர்லீன்.

"கல்லு தெரியல. பூ தெரியுது." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "போதகர் இன்னிக்கு சாயங்காலம் வீட்ல இருப்பாரா, மதினி?"